பின்பக்கத்துப் பாட்டு முதலிடம் பிடித்த கதை: 'ஐ வில் சர்வைவ்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இசைத்தட்டுகள் சேர்ப்பவன் நான். வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைத் துழாவி, குளோரியா கெய்னரின் அந்த ஏழங்குலத் தட்டைக் கையில் எடுத்தால் கேள்விகள் தொடங்கிவிடும். 1979இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த டிஸ்கோ பாட்டு அது. காதலன் கைவிட்டுப் போன பிறகு பயந்து ஒடுங்கிக் கிடந்த ஒரு பெண், மெல்ல நிமிர்ந்து, அவன் திரும்பி வந்து நிற்கும்போது வாசலைக் காட்டுவதுதான் பாட்டின் பொருள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

தட்டின் முன்பக்கத்தில் வேறு ஏதோ பாட்டின் பெயர் இருக்கிறதே?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. அந்தத் தட்டின் முன்பக்கப் பாட்டு 'சப்ஸ்டிடியூட்'. 1978 அக்டோபரில் பாலிடார் நிறுவனம் இந்தத் தட்டை வெளியிட்டபோது, விற்க நினைத்தது அந்தப் பாட்டைத்தான். 'ஐ வில் சர்வைவ்' பின்பக்கத்தை நிரப்பப் போட்ட பாட்டு.

'சப்ஸ்டிடியூட்' புதிய பாட்டும் அல்ல. ரைச்சஸ் பிரதர்ஸ் முன்பே பாடியது. பிறகு தென்னாப்பிரிக்காவின் கிளௌட் என்ற பெண்கள் குழு அதைப் பாடி, 1978இல் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. கடல் கடந்து ஓடிய பாட்டை நம் பாடகியையும் பாடவைத்தால் இங்கேயும் ஓடும் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. வணிகக் கணக்காகப் பார்த்தால் அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் இன்று 'சப்ஸ்டிடியூட்' பாட்டை முணுமுணுக்கிறவர் ஒருவரையாவது நான் சந்தித்ததில்லை.

முன்பக்கம், பின்பக்கம் என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

வானொலி நிலையத்துக்குத் தட்டை அனுப்பும்போது இந்தப் பக்கத்தைப் போடுங்கள் என்று நிறுவனம் சொல்லும். அதுதான் முன்பக்கம். விளம்பரம், சுவரொட்டி, விற்பனையாளர்களின் வாய்ப்பேச்சு எல்லாம் அதற்கே. பின்பக்கத்துக்குச் செலவு செய்ய மாட்டார்கள். ஆனால் தட்டு விற்றால் இரண்டு பக்கத்துப் பாடலாசிரியர்களுக்கும் உரிமத்தொகை போய்ச் சேரும். அதனால் தயாரிப்பாளர்கள் பின்பக்கத்தில் தங்கள் சொந்தப் பாட்டைச் செருகிவைப்பது வழக்கம். இங்கும் அப்படித்தான் நடந்தது. முன்பக்கம் நிறுவனம் தேர்ந்தெடுத்தது. பின்பக்கம் தயாரிப்பாளர்கள் எழுதியது.

பாட்டை எழுதியவர் கெய்னர் இல்லையா?

இல்லை. டினோ ஃபெக்காரிஸ், ஃபிரெட்டி பெரன் என்ற இருவர். பெரன் அதற்கு முன் மோட்டவுன் நிறுவனத்தில் ஜாக்சன் ஃபைவ் குழுவின் 'ஐ வான்ட் யூ பேக்', 'ஏபிசி' போன்ற பெருவெற்றிப் பாடல்களை எழுதியவர்களில் ஒருவர். ஃபெக்காரிசும் அதே மோட்டவுனில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சம்பளத்துக்குப் பாட்டு எழுதியவர். பிறகு அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வேலை போன நாட்களில் ஒருமுறை தொலைக்காட்சியைப் போட்டால், தான் எழுதிய பழைய பாட்டு ஒன்று ஒலித்ததாம். அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டு, பிழைத்துக்கொள்வேன் என்று கட்டிலில் ஏறிக் குதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டின் விதை அங்கே விழுந்தது. உலகம் முழுக்கப் பெண்கள் தங்கள் முன்னாள் காதலனை நினைத்துத் தொண்டை கிழியப் பாடும் பாட்டு, வேலை பறிபோன ஓர் ஆண்பிள்ளையின் ரோஷத்தில் பிறந்தது என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். இன்னொரு முறை வரிகளைக் கவனித்துக் கேளுங்கள். கதவைக் காட்டி வெளியே போகச் சொல்லும் இடத்தில் காதலனுக்குப் பதில் பழைய முதலாளியை நிறுத்திப் பார்த்தாலும் ஒரு சொல்லும் உறுத்தாது.

இருவரும் பாட்டை எழுதிவிட்டு, பொருத்தமான பாடகி வரட்டும் என்று காத்திருந்தார்கள். வந்தவர் கெய்னர்.

அவருக்கு அப்போது முதுகெலும்பில் அடிபட்டிருந்தது என்பது உண்மையா?

உண்மை. 1978இல் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டர் மேடையில் ஆடிப் பாடும்போது, தரையில் வைத்திருந்த ஒலிபெருக்கியின் மேல் பின்புறமாக விழுந்தார். எழுந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கும் போய்விட்டார். மறுநாள் காலையில் கண்விழித்தால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் மருத்துவமனை. பாட்டைப் பதிவு செய்தபோது முதுகுக்குத் தாங்குபட்டை அணிந்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தாயையும் இழந்திருந்தார்.

பாட்டின் வரிகளை ஒரு பழுப்புத் தாளில் கிறுக்கிக் கொடுத்தார்கள் என்றும், படித்துப் பார்த்த மாத்திரத்தில், இதையா பின்பக்கத்தில் போடப்போகிறீர்கள் என்று கேட்டேன் என்றும் கெய்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கு அது வேலை போன கதை. பாடியவருக்கு முதுகெலும்பும் தாயும். கேட்கிறவர்கள் அவரவர் வீட்டுக் கதையை வைத்துக்கொண்டார்கள்.

சரி, தட்டைத் திருப்பிப் போட்டது யார்?

என் பார்வையில் இந்தப் பாட்டின் கதாநாயகர்கள் இவர்கள்தான்: நடனக் கிளப்களில் தட்டு சுழற்றிய டி.ஜே.க்கள்.

நியூயார்க்கில் 1977 ஏப்ரலில் திறந்த ஸ்டுடியோ 54 அன்று ஊர் பேசிய கிளப். அங்கே டி.ஜே.யாக இருந்தவர் ரிச்சி காக்சோர். நிறுவனம் பின்பக்கத்தைக் கண்டுகொள்ளாததால், கெய்னரின் தரப்பினரே தட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் போட்டார், ஆடுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நடந்தது இன்னும் சாமர்த்தியமான வேலை. பெட்டி பெட்டியாகத் தட்டுகளை அவரிடமே கொடுத்து, மற்ற கிளப்களில் இருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கச் சொன்னார்கள். கிளப்பில் ஆடிவிட்டு விடியற்காலையில் வீட்டுக்குப் போனவர்கள், மறுநாள் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்கள். பாஸ்டன் நகரிலும் ஜாக் கிங் என்ற டி.ஜே. இதே பின்பக்கத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

காலமும் கூடி வந்தது. அதே 1978 ஜூலையில் நியூயார்க்கின் டபிள்யூ.கே.டி.யூ. வானொலி ராக் இசையைக் கைவிட்டு முழுநேர டிஸ்கோவுக்கு மாறியது. சில மாதங்களில் அந்த நகரத்தின் அதிகம் கேட்கப்படும் நிலையமாகவும் ஆனது. கிளப்பில் பிடித்த பாட்டை வானொலி சீந்தாத காலம் அத்தோடு முடிந்துவிட்டது. பாட்டு ஓடத் தொடங்கியதும் நிறுவனம் பக்கங்களை மாற்றி அச்சடித்தது. 'சப்ஸ்டிடியூட்' பின்னால் போனது.

பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

முதல் அரை நிமிடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். பியானோ ஒரு வீச்சில் மேலிருந்து கீழே உருண்டு வருகிறது. பிறகு தாளமே இல்லை. ஆலாபனைபோல் கால அளவுக்குக் கட்டுப்படாமல் ஒரு குரல், தான் பயந்துபோய்க் கிடந்ததைச் சொல்கிறது. நடனத் தட்டு ஒன்று இப்படித் தொடங்குவது துணிச்சல். ஆடுகிறவர்கள் கால்களைச் சும்மா வைத்துக்கொண்டு கேட்டாகவேண்டும். நான்கு வரி முடியும் இடத்தில், அவன் திரும்பி வந்து நிற்கிறான் என்று கதை திரும்பும்போது டிரம் நுழைகிறது. அதன் பிறகு பாட்டு முடியும்வரை அந்தத் தாளம் நிற்பதே இல்லை. பயத்துக்குத் தாளம் கிடையாது, எதிர்த்து நிற்பதற்கு உண்டு. இதை யாரும் விளக்காமலேயே கால்கள் புரிந்துகொள்கின்றன. டிரம் வாசித்தவர் ஜேம்ஸ் காட்சன். அவசரமே படாத கை. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 தட்டு. நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவிக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்பது கணக்கு. இந்தப் பாட்டு அதற்கும் பொருந்துகிறது.

இசையறிவு உள்ளவர்களுக்கு இன்னொன்று. பாட்டு முழுக்க ஒரே எட்டு கார்டுகள்தான் (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) சுற்றிச் சுற்றி வருகின்றன. பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இல்லை. முதல் ஏழில் ஒவ்வொரு கார்டும் முந்தையதிலிருந்து ஸ-விலிருந்து ம-வுக்குத் தாவுவதுபோல் தாவுகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சுத்த மத்தியமத்துக்குப் பதில் பிரதி மத்தியமம். நம் கணக்கில் சொன்னால், நடபைரவியில் நடந்துபோய், கடைசி கார்டில் காகலி நிஷாதத்தைத் தொட்டுக் கீரவாணியை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. சுற்று முடியும் ஒவ்வொரு முறையும் அடுத்தது வேண்டும் என்று காது கேட்பதன் ரகசியம் அந்தக் கடைசி நிஷாதத்தில் இருக்கிறது.

பின்பக்கம்தானே என்று மெருகூட்டாமல் விட்டதும் நல்லதாகிவிட்டது. பின்னணிக் குரல்கள் கிடையாது. அக்காலத்தில் செய்ததுபோல் குரலின் சுருதியை ஏற்றிப் பளபளப்பாக்கவும் இல்லை. ஒரு பெண் தனியாக நின்று பேசுகிறாள். கூடவே நான்கு பேர் 'ஊ' போட்டிருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.

பட்டியலில் எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது?

அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் மூன்று வாரம், ஆனால் தொடர்ச்சியாக இல்லை. ராட் ஸ்டூவர்ட்டின் பாட்டை இறக்கிவிட்டு 1979 மார்ச் 10ஆம் தேதியிட்ட பட்டியலில் ஏறியது. இரண்டு வாரம் கழித்து பீ ஜீஸ் குழுவின் 'டிராஜெடி' வந்து அதைக் கீழே தள்ளியது. ஏப்ரல் 7 பட்டியலில் மறுபடியும் மேலே ஏறி ஒரு வாரம் இருந்தது.

பிரிட்டனில் மார்ச் 17 தொடங்கி நான்கு வாரம். அங்கே நடந்தது நேர் எதிர்: முதலிடத்தில் உட்கார்ந்திருந்த 'டிராஜெடி'யைக் கீழே இறக்கியது இந்தப் பாட்டு. அதாவது அதே மார்ச் மாதத்தில் அட்லாண்டிக்கின் ஒரு கரையில் பீ ஜீஸிடம் இடத்தைப் பறிகொடுத்தது, மறுகரையில் அவர்களிடமிருந்தே பறித்துக்கொண்டது.

அந்தக் காலப் பட்டியலை நம்பலாமா? எப்படித் தயாரித்தார்கள்?

கணினி வாயிலாக விற்பனையை எண்ணுவது பில்போர்டில் 1991இல்தான் வந்தது. 1979இல் கடைக்காரர்களிடம், உங்கள் கடையில் எது நன்றாக விற்கிறது என்று கேட்பார்கள். வானொலி நிலையங்கள் தங்கள் பாட்டு வரிசையைக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போட்டுத் தயாரித்தது ஹாட் 100. கடைக்காரரின் ஞாபகத்துக்கும் விருப்புவெறுப்புக்கும் அதில் இடம் உண்டு. நிறுவனத்தின் ஆட்கள் கொடுக்கும் அன்பளிப்புக்கும்தான். பிரிட்டனில் வானொலியைச் சேர்க்காமல், தேர்ந்தெடுத்த கடைகள் விற்ற தட்டுகளை நாட்குறிப்பில் எழுதி அனுப்ப, அதை மட்டுமே எண்ணினார்கள்.

ஆகவே ஓரிரு இடம் முன்பின்னாக இருந்திருக்கலாம். ஆனால் தயாரிக்கும் முறையிலேயே வேறுபட்ட இரண்டு நாட்டுப் பட்டியல்களிலும், நிறுவனம் முன்னிறுத்தாத ஒரு பாட்டு ஒரே மாதத்தில் உச்சிக்குப் போனதைக் கடைக்காரரின் தயவு என்று தள்ளிவிட முடியாது.

கிராமி விருது கிடைத்ததா?

கிடைத்தது, வேடிக்கையோடு. 1980 பிப்ரவரியில் நடந்த விழாவில் சிறந்த டிஸ்கோ பதிவு என்று ஒரு புதிய பிரிவு வைத்தார்கள். மைக்கேல் ஜாக்சன், டோனா சம்மர், ராட் ஸ்டூவர்ட், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் எல்லோரும் போட்டியில் இருக்க, வென்றது இந்தப் பாட்டு. அடுத்த ஆண்டு பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்த விருதை வாங்கிய முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் இதுதான்.

ஏன் எடுத்துவிட்டார்கள்? டிஸ்கோ அதற்குள் செத்துவிட்டதா?

அடக்கம் செய்ய ஆள் காத்திருந்தது என்று சொல்லலாம். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் முன்னின்று ஒரு கூத்து நடத்தினார். டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். குவிந்த தட்டுகளை இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மைதானத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் திடலுக்குள் பாய்ந்து தரையைக் கிழித்துவிட, இரண்டாம் ஆட்டமே நடக்கவில்லை. உள்ளூர் அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

அலுத்துப்போன பாட்டின் மேல் வந்த கோபம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. சலிப்பும் இருந்தது, மறுக்கவில்லை. ஒவ்வொரு பாடகரும் ஒரு டிஸ்கோ தட்டாவது போட்டே தீரவேண்டும் என்று ஆகியிருந்த காலம் அது. ஆனால் இந்த இசை வளர்ந்த இடங்கள் நியூயார்க்கின் கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் ஒருபால் விருப்பம் கொண்டவர்களும் கூடிய கிளப்கள். ராக் ரசிகர்களின் வெறுப்பு பாட்டோடு நின்றதா, பாடியவர்கள் மேலும் ஆடியவர்கள் மேலும் பாய்ந்ததா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அந்த ஆகஸ்டு இறுதியில் தி நாக் குழுவின் ராக் பாட்டு 'மை ஷெரோனா' முதலிடம் ஏறி ஆறு வாரம் இறங்கவில்லை. நிறுவனங்கள் டிஸ்கோ என்ற சொல்லை உறைகளிலிருந்து அழிக்கத் தொடங்கின.

கெய்னர் இந்த ஒரே பாட்டால் பெயர் வாங்கியவர்தானே?

இப்படிக் கேட்பவர்களிடம் கொஞ்சம் எரிச்சல் வரும். நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் பிறந்த இவர் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே 'நெவர் கேன் ஸே குட்பை' பாடி, அமெரிக்காவில் ஒன்பதாம் இடமும் பிரிட்டனில் இரண்டாம் இடமும் பிடித்தவர். 1974இல் பில்போர்டு நடனக் கிளப்களுக்கென்று பட்டியல் தொடங்கியபோது அதன் முதல் முதலிடம் அந்தப் பாட்டுக்குத்தான். அவருடைய 1975ஆம் ஆண்டு ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதிலும் மூன்று பாடல்களை இடைவெளியே இல்லாமல் கோத்து, ஏறத்தாழ 19 நிமிடம் ஓடவிட்டார் டாம் மோல்டன் என்ற ஒலிக்கலவைக் கலைஞர். தட்டு மாற்றாமல் ஒரு பக்கம் முழுக்க ஆடலாம் என்பது அன்றைக்குப் புதுமை. 1983இல் 'ஐ ஆம் வாட் ஐ ஆம்' பிரிட்டனில் ஓடியது. 2020இல், முதல் கிராமிக்கு 40 ஆண்டுகள் கழித்து, கிறிஸ்தவ நற்செய்தி இசை ஆல்பம் ஒன்றுக்காக இரண்டாவது கிராமி வாங்கினார்.

பின்பக்கப் பாட்டு ஜெயித்த கதை வேறு உண்டா?

பல உண்டு. எனக்குப் பிடித்தது ஒன்று, அதில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பெங்களூரில் பிறந்து லண்டனுக்குப் போன பித்து என்ற இசைத் தயாரிப்பாளர், 1974இல் கார்ல் டக்ளஸ் என்ற பாடகரை ஒரு முன்பக்கப் பாட்டுக்காக அழைத்து, ஒலிப்பதிவு நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே செலவழித்தார். மீதியிருந்த பத்து நிமிடத்தில் பின்பக்கத்துக்காக அவசரமாகப் பதிவுசெய்தது 'குங் ஃபூ ஃபைட்டிங்'. அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதே பித்துதான் 1980இல் 'குர்பானி' இந்திப் படத்துக்காக நாஜியா ஹசனைப் பாடவைத்து 'ஆப் ஜைசா கோயி' என்ற பாட்டைத் தந்தவர். இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் டிஸ்கோ என்ற சொல்லைப் பரப்பியதில் அந்தப் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனை ஆண்டு கழித்தும் எங்கே ஒலிக்கிறது?

திருமணக் கொண்டாட்டத்தில், விவாகரத்துக் கொண்டாட்டத்தில், கரோக்கி மேடையில். எய்ட்ஸ் நோய் நண்பர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோன 1980களில், ஒருபால் விருப்பம் கொண்டவர்களின் கிளப்களில் இது ஏறக்குறைய வழிபாட்டுப் பாடலாகவே ஆனது. 1998இல் பிரான்ஸ் உலகக் கோப்பைக் கால்பந்தை வென்றபோது, டச்சுக் குழு ஒன்று பாடிய இதன் வேறொரு வடிவத்தை அந்த நாடே தெருவில் பாடியது. சீலியா குரூஸ் ஸ்பானிய மொழியில் பாடினார். கேக் என்ற ராக் குழு சலிப்பான குரலில் பாடி வேறு பொருளைக் கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016இல், காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இதை அறிவித்தது. கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் கெய்னரே குழாயைத் திறந்துவிட்டு, இந்தப் பாட்டு ஓட ஓட 20 விநாடி கைகழுவிக் காட்டும் காணொளியை வெளியிட்டார்.

எந்த வடிவத்தைக் கேட்கலாம்?

மூன்று நீளங்களில் கிடைக்கிறது. ஏழங்குலத் தட்டில் இருப்பது மூன்றேகால் நிமிடத்தை ஒட்டியது, வானொலிக்காக வெட்டியது. 'லவ் டிராக்ஸ்' ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கிளப்களுக்கான பன்னிரண்டங்குலத் தட்டில் எட்டு நிமிடம் அளவுக்கு நீளும். வசதி இருந்தால் பன்னிரண்டங்குலத்தையே தேடுங்கள். பெரிய தட்டில் பள்ளங்களை இடைவெளி விட்டு வெட்ட முடியும். இடைவெளி இருந்தால் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியை அடக்காமல் பதியலாம். சிறிய தட்டில் தோளில் தட்டும் டிரம், பெரிய தட்டில் வயிற்றில் இறங்கும்.

ஏழங்குலத் தட்டுதான் கிடைத்தது என்றால் வாங்குவதற்கு முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என்னிடம் இருக்கும் தட்டில் 'சப்ஸ்டிடியூட்' பக்கம் இன்னும் கண்ணாடிபோல் மின்னுகிறது. மறுபக்கம் ஊசி ஓடி ஓடிச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.